வீட்டுக் காரும் ஓட்டத்தடமும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாகப் புதியதொரு வழக்கம் தோன்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் விட்டு வந்த பிள்ளைகள், வீட்டுக் காரில் ஒரு தலைக்கவசத்தையும், சில கருவிகளையும், அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, கொல்லம், திருச்சூர், பாலக்காடு வழியாகக் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம். ஊரில் உறவினர் வீட்டுத் திருமணமோ என்றால் அதுவும் இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்றோர் ஓட்டத்தடம் இருக்கிறது. கட்டணம் செலுத்திச் சொந்தக் காரைத் தாமே விரைந்து ஓட்டிப் பார்ப்பதற்கென்று சில நாட்கள் அங்கே ஒதுக்கப்படுகின்றன. அதற்காகவே இப்பயணம். போட்டியும் அன்று, பரிசும் இல்லை.

இதற்கா இவ்வளவு தூரம் என்று பெற்றோர் கேட்பது இயல்பே. நாமும் கேட்டவர்தாம். ஆனால் கழக்கூட்டம் புறவழிச் சாலையிலும் பொன்முடி வளைவுகளிலும் நள்ளிரவில் வேகத்தைச் சோதிப்பவர்களைப் பார்த்த பிறகு, செட்டிபாளையம் போகிறவனே புத்திசாலி என்ற முடிவுக்கு வந்தோம். பொதுச் சாலையில் பந்தயமும் வேகச் சோதனையும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். அடைத்த தடத்தில் எதிரே லாரி வராது. சாலையோரத்தில் பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் நடக்கமாட்டார்கள். ஆகையால், பிள்ளைகளைத் தடுக்கும்படி எழுதுங்கள் என்று நம்மைக் கேட்டுக்கொண்ட அன்பர்கள் மன்னிக்க வேண்டும். தடுப்பதைப் பற்றி அன்று, அவர்கள் காரைத் தடுத்து நிறுத்தும் பிரேக்கைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறோம்.

தமிழ்நாட்டுக்கு இவ்விளையாட்டு புதிதும் அன்று. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. அங்கே பல்லாண்டுகள் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கிளப்பே நிலையான ஓட்டத்தடம் ஒன்றை அமைத்தது. கோவையில் கரிவரதன் என்பார் இளைஞர்கள் ஏறி ஓட்டத்தக்க சிறு பந்தயக் கார்களைக் கட்டிக் கொடுத்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காலடி வைத்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. இனி, நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு வருவோம்.

பிரேக் என்பது காரை நிறுத்தும் கருவி என்று சொல்கிறோம். உள்ளபடி அது காரின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் இரண்டு மடங்கானால் அதனுள் அடங்கிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்று 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கரமனைச் சிக்னலில் நிற்கிறது என்று கொள்வோம். அதே கார் ஓட்டத்தடத்தில் 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 60 கிலோமீட்டராகக் குறைகிறது. சிக்னலில் அது முழுவதும் நின்றுவிட்டது. தடத்தில் நிற்கவே இல்லை. ஆயினும் தடத்தில் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் சிக்னலில் விழுங்கியதைப்போல் சரியாக மூன்று மடங்கு. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அடுப்பில் பல நிமிடங்கள் எடுக்கும் வேலை, அங்கே மூன்று நான்கு நொடிகளில், நான்கு சக்கரங்களுக்குள், அதிலும் பெரும்பங்கு முன் சக்கரங்கள் இரண்டுக்குள்ளேயே நடந்து முடிகிறது. உடனே அடுத்த வளைவு. ஒரு சுற்றில் இப்படிப் பல முறை. பிறகு அடுத்த சுற்று.

பொன்முடிக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர்கள் இதன் சாயலை அறிவார்கள். 22 கொண்டையூசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், அடிவாரத்தில் கார் கதவைத் திறந்ததும் கருகிய மணம் மூக்கைத் துளைக்கும். தாழ்ந்த கியரில் இறங்கியவருக்கு அந்த மணம் தெரியாது. சிலர் பதறிப்போய், புகையும் சக்கரத்தின் மேல் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றுவதையும் கண்டிருக்கிறோம். அது கூடவே கூடாது. சிவக்கக் காய்ந்த தோசைக்கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் என்ன ஆகுமோ அதுவே பிரேக் டிஸ்கிற்கும் ஆகும். வார்ப்பிரும்பு கோணும், அல்லது விரிசல் விடும்.

சூடு மிகுந்தால் பிரேக் இரு வகையில் கைவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது மிக முக்கியமாகும். முதல் வகையில் மிதி உறுதியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. கல்லை மிதிப்பது போலத் தோன்றும். பிரேக் பேட் தான் தாங்கக்கூடிய சூட்டைக் கடந்து, பற்றும் தன்மையை இழந்துவிட்டது என்பது பொருள். இதில் ஒரு நன்மை உண்டு. பிரேக் சிறிது சிறிதாகவே தளர்வதால் ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டாம் வகை அப்படிப்பட்டதன்று. மிதி பஞ்சாகி, அடிவரை போய்விடும். அங்கே கைவிட்டது பேட் அன்று. குழாய்களில் நிறைந்திருக்கும் பிரேக் ஆயில்.

இதை நாம் கண்ணால் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் தங்கையின் மகன் கோவைப் பக்கம் தன் வீட்டுக் காரை ஓட்டச் சென்றபோது, உடன் சென்று நிழலில் அமர்ந்திருந்தோம். புறப்படுமுன் இவ்வூர்ப் பட்டறை ஒன்றில் காரைக் காட்டி, புதிய பேட்களையும் போட்டிருந்தான். எல்லாம் பார்த்தாயிற்று என்றே அவர்களும் சொன்னார்கள். முதல் இரண்டு சுற்றுகள் நன்றாகவே சென்றன. நான்காம் சுற்றில், நேர்ச்சாலை முடியும் வளைவில், கார் திரும்பாமல் நேராகப் புல்வெளிக்குள் புழுதி கிளப்பிக்கொண்டு போய் நின்றது. தடம் அகலமாயிருந்தது, சுவர் தொலைவில் இருந்தது, அடிபடவில்லை. இறங்கி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. "மாமா, மிதிச்சேன், கீழே ஒண்ணுமே இல்லை" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

இக்கதையில் அஞ்சத்தக்க பகுதி இதுவன்று, இதற்குப் பின் வருவதே. அரை மணி கழித்து மிதித்துப் பார்த்தபோது மிதி முன்போலவே உறுதியாக இருந்தது! "சரியாயிட்டுது மாமா, மெதுவாக ஓட்டிக்கொண்டே ஊருக்குப் போய்விடலாம்" என்று அவன் சொன்னான். நாமும் தலையசைத்திருப்போம். அங்கிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் குறுக்கிட்டு, அந்த ஆயிலோடு கார் வாசலைத் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிரவு கோவையில் தங்கி, மறுநாள் காலை பழைய ஆயிலை வடித்தோம். கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இறங்கிற்று. அந்தக் காரை வாங்கி மூன்று ஆண்டுகளாகியும் ஒருமுறைகூட அதை மாற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பட்டறையில் பேட்களைப் பார்த்தார்கள், டிஸ்கைப் பார்த்தார்கள், ஆயில் அளவுக்கோட்டில் நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். அதன் வயதை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத குற்றம் நமக்கும் உண்டு.

மிதி போனதும் திரும்ப வந்ததும் எப்படி? பிரேக் ஆயில் என்று வழக்கில் சொல்கிறோமேயன்றி அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம் அது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி எப்படிக் கசிகிறதோ, அப்படி. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர்க் குழாய்களின் வழியே ஈரம் மெல்ல மெல்ல உட்புகும். நீர் சேரச்சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 3 என்னும் தரத்துப் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி; நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலையிலோ 140 டிகிரி தாங்கினால் போதும். டாட் 4 தரத்துக்கு இவ்வளவுகள் 230, 155; டாட் 5.1 தரத்துக்கு 260, 180. தடத்தில் டிஸ்கின் சூடு இவற்றையெல்லாம் எளிதில் கடக்கும். அச்சூடு பேட் வழியாகவும், அதன் பின்னுள்ள பிஸ்டன் வழியாகவும் ஆயிலை அடைகிறது. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிப்பதெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகி விடுவதால் மிதியும் திரும்புகிறது. குற்றவாளி தடயமின்றி மறைந்துவிடுகிறான். அடுத்த மலையிறக்கத்தில் மீண்டும் வருவான்.

நம் திருவனந்தபுரத்துக் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் மற்றொன்று, இடையில் கடற்காற்று. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். நாம் ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்கிறோம். தடத்துக்குப் போகும் காருக்கு, போவதற்குச் சில நாட்கள் முன்பே மாற்றியாக வேண்டும். நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்டுவதும் தவறு. கறுத்த ஆயில் பழையது என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் தெளிந்த ஆயிலில் நீர் இல்லையென்று சொல்ல முடியாது, நீர் கண்ணுக்குத் தெரியாது. செலவும் சில நூறு ரூபாயைத் தாண்டாது. பளபளக்கும் சக்கரங்களுக்குப் பல்லாயிரம் கொட்டும் பிள்ளைகள் இதற்குக் கை இழுப்பது ஏனென்று நமக்கு விளங்கவில்லை.

கடையில் வாங்கும்போது ஒரு குழப்பம் நேரும். டாட் 3, 4, 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் வகையின. டாட் 5 என்பது சிலிக்கோன், முற்றிலும் வேறு இனம். 5.1 என்று கேட்டு 5ஐ வாங்கி ஊற்றிவிட்டால் பெரும் துன்பம். காரின் கையேடு சொல்லும் தரமே பாதுகாப்பு. எஞ்சின் ஆயில் போன்ற எதையும் ஒரு துளிகூட அதில் விடலாகாது. ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும். ஒருமுறை திறந்த டப்பாவில் மிச்சத்தைச் சேமித்து அடுத்த ஆண்டுக்கு வைப்பதும் பயனற்ற சிக்கனமே. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த மிச்சம் நஞ்சு என்பதையும் தாய்மார்கள் மனத்தில் கொள்க. காரின் வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிடில் பூச்சு உரிந்துவிடும்.

ஆயிலை மாற்றும் வேலை இருவர் சேர்ந்து செய்யத்தக்கது. தந்தை மிதியருகே அமர, மகன் சக்கரத்தருகே அமர்வது வழக்கம். காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அருகில் கை நீட்டக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். சக்கரத்தருகேயுள்ள சிறு திருகுமுனையில் கண்ணாடி போன்ற மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புதிய ஆயில் உள்ள புட்டியில் மூழ்கவிட வேண்டும். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைக் கால் சுற்றுத் திறப்பார். பழையது குழாயில் இறங்கும். திருகை மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் காற்று உள்ளே போகும். செய்த வேலை வீண். பழைய காரில் மிதியை அடிவரை அழுத்தாமல் பாதியளவில் நிறுத்துவது நன்று. பல காலம் உராயாத பகுதியில் ரப்பர் வளையம் உரசிக் கிழிவதுண்டு. மேலேயுள்ள ஆயில் புட்டி வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பதைக் கையேடு சொல்லும். ஏபிஎஸ் உள்ள கார்கள் சிலவற்றுக்குக் கருவி கொண்டு செய்யும் தனி முறை உண்டு. அவற்றைத் தெரிந்தவரிடம் விடுவதே முறை. ஏபிஎஸ் இருக்கிறதே என்று சில பிள்ளைகள் துணிகிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதே அதன் வேலை. கொதித்த ஆயிலுக்கு அதனிடம் மருந்தில்லை.

பேட்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்த பேட்கள் சூட்டில்தான் பற்றும். குளிர்ந்த நிலையில் சோம்பும், கீச்சிடவும் செய்யும். சனிக்கிழமை தடத்தில் ஓடும் கார், திங்கட்கிழமை காலை மழையில் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய கார் அன்றோ? ஆகவே நம் வீடுகளுக்கு இடைத்தரப் பேட்களே ஏற்றவை. சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது அதைவிட நல்லது. பாதிக்கு மேல் தேய்ந்த பேட்களோடு தடத்துக்குப் போகவே கூடாது. தேய்ந்தது தீர்ந்துபோகும் என்பது மட்டும் காரணமன்று; மெலிந்த பேட் டிஸ்கின் சூட்டை விரைவில் ஆயிலுக்குக் கடத்திவிடும்.

புதிய பேட்களைப் போட்டதும் பழக்க வேண்டும். போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30 வரை, முழுவதும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை சீராகக் குறைத்து, பின் சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது பொதுவான முறை; பேட் பெட்டியில் வேறு குறிப்பிருந்தால் அதுவே சரி. இதனால் டிஸ்கின் மேல் மெல்லிய படலம் ஒரே சீராகப் படிகிறது. படலம் திட்டுத்திட்டாகப் படிந்தால் மிதி அதிரும். டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் முறையிடுவது பெரும்பாலும் இத்திட்டுகளைத்தான்.

டிஸ்கின் ஓரத்தில் அதன் குறைந்த அளவுப் பருமன் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து ஒப்பிட வேண்டும். காலிப்பர் நகரும் ஊசிகள் தடையின்றி நகர்கின்றனவா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பவை நம் ஊர்க் கார்களில் தவறாமல் பார்க்க வேண்டியவை. கடற்காற்றும் மழையும் முதலில் தாக்குவது இவற்றையே. மழை இரவுக்குப் பின் டிஸ்கில் தெரியும் செந்துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதல் சில மிதியில் போய்விடும். ஊசியில் பிடித்த துரு அப்படிப் போகாது. பேட் தூசியை வாயால் ஊதுவதையும் விட வேண்டும். பழைய கார்களின் லைனிங்குகளில் கல்நார் இருந்ததுண்டு. ஈரத்துணியால் துடைப்பதே சுவாசப்பைக்கு நல்லது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லிக்கொள்வதில் நமக்கு மகிழ்ச்சி. 1953இல் பிரான்ஸ் நாட்டு லே மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குடன் வென்றது. டிரம் பிரேக் பூண்ட கார்கள் சூட்டில் தளர்ந்தபோது அது தளரவில்லை. அதன் பின்னரே உலகம் டிஸ்கின் பக்கம் திரும்பியது. சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தோன்றியது. நம் நாட்டுக் கார்கள் பலவற்றை நிறுத்துவது பாடியில் செய்த பொருளே என்பதை மலையாள நண்பர்களிடம் நாம் சற்றுப் பெருமையோடு சொல்வதுண்டு.

தடத்தில் ஓட்டும்போது இரண்டு மூன்று விரைவான சுற்றுக்குப் பின், பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக வர வேண்டும். ஓடும் காற்றைப்போல் டிஸ்கை ஆற்றுவது வேறில்லை. வந்து நிறுத்தியதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கைப் பிரேக்கையும் இழுக்கக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்தால் போதும். சூடான பேட்களை ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் அங்கே தடம் பதியும். மிதி சிறிதேனும் பஞ்சாகத் தோன்றினால் அன்றைய ஓட்டம் முடிந்தது என்று கொள்ள வேண்டும். சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் இத்தகைய வேகச் சோதனையில் நேரும் சேதத்தை ஏற்காது என்பதையும் பணம் கட்டும் தந்தையர் அறிந்திருத்தல் நலம்.

மாலையில் ஊர் திரும்புமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குவது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. கார் ஆறியபின் சக்கர நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்கிறோம். பேட்களில் மிச்சம் எவ்வளவு, டிஸ்கில் விரிசல் உண்டா, எங்கேனும் கசிவு உண்டா என்று விளக்கடித்துப் பார்க்கிறோம். மாற்றுப் பேட் ஒரு ஜோடியும், திறக்காத ஆயில் டப்பா ஒன்றும் எப்போதும் காரில் இருக்கும். ஆயில் கொதித்த நாளானால், மிதி எவ்வளவு உறுதியாகத் திரும்பியிருந்தாலும், புதியது ஊற்றாமல் வாளையாறு தாண்டுவதில்லை. தங்கை மகன் இப்போது பானெட்டுக்குள் ஒரு தாளை ஒட்டி, ஆயில் மாற்றிய தேதியைக் கையால் எழுதி வைக்கிறான். சென்ற முறை அவன் தாயே அதைத் திறந்து படித்துப் பார்த்த பிறகுதான் புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.